திரும்ப வேண்டிய தேதி

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இரவு மெயிலுக்காக மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் காத்து நிற்கும் பிரயாணிகள், வண்டி வந்து நின்றதும் பெட்டியின் எண்ணையும் படுக்கையின் எண்ணையும் தேடி ஓடுகிறார்களேயன்றி, இரு பெட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் முனைச்சுவரில், எழுத்து வெட்டிய தகட்டை வைத்துச் சாயம் ஒற்றி எழுதியிருக்கும் சிறிய வரிகளை நின்று படிப்பவர் அநேகமாக ஒருவரும் இல்லை. அவ்வரிகளில் மூன்று விஷயங்கள் உண்டு: அந்தப் பெட்டி கடைசியாக எந்தப் பட்டறையில் முழுமையாகச் செப்பனிடப்பட்டது, அது எந்தத் தேதியில் நடந்தது, மறுபடியும் எந்தத் தேதிக்குள் அது பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்பன. பட்டறையின் பெயரை விரித்து எழுதுவதில்லை. பெரம்பூருக்கு ஒரு மூன்றெழுத்து, பொன்மலைக்கு ஒரு மூன்றெழுத்து என்று குறியாகவே எழுதுவார்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர் சேர்ந்து, தாங்கள் ஒருபோதும் காணப்போகாத பிரயாணிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் வாக்குறுதி அது என்றே நான் கருதுகிறேன். ரயில்களின் சரித்திரத்தை எழுதுவோர் முதல் வண்டி ஓடிய நாளையும், பாலங்கள் திறந்த நாளையும், வேகம் கூடிய நாளையும் விரிவாகச் சொல்கிறார்கள். ஓடித் தேய்ந்த பெட்டியைத் திரும்பப் பெற்று, அவிழ்த்து, ஆராய்ந்து, புதுப்பித்து மீண்டும் பாதையில் விடுகிற தொழிலின் சரித்திரமோ, அந்த முனைச்சுவர் எழுத்தைப் போலவே, படிப்பாரின்றிக் கிடக்கிறது.

தென்னிந்தியாவில் அத்தொழில் ரயிலோடு கூடவே பிறந்தது. 1856-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதி, மதராஸ் ரயில்வே கம்பெனியார் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பிரயாணி வண்டியை ஓட்டினார்கள். அதே வருஷத்திலேயே பெரம்பூரில் கம்பெனியின் பழுதுபார்க்கும் பட்டறையும் சிறிய அளவில் தோன்றிவிட்டது. முதல் வண்டியின் பெட்டிகளைச் செய்து தந்தவர்கள், சென்னையில் குதிரை வண்டிகள் செய்துவந்த சிம்ப்ஸன் கம்பெனியார் என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்து ரயில் பெட்டி, குதிரை வண்டியின் வம்சத்தில் பிறந்த பொருள்தான்: கீழே இரும்புச் சட்டமும் சக்கரமும், மேலே மரத்தால் ஆன கூடும், கூட்டுக்குள் மரப்பலகை ஆசனமும், அந்தஸ்துள்ளவர்களுக்கு மட்டும் மெத்தையும். ஆகவே அதைப் பழுதுபார்க்க வந்தவர்களும் அந்த வம்சத்துக் கைத்தொழிலாளராகவே இருந்தார்கள். தச்சரும் கொல்லரும், வர்ணம் பூசுவோரும், மெத்தை தைப்போரும் தத்தம் குலவித்தையைக் கையிலும் கண்ணிலும் வைத்துக்கொண்டு அந்தப் பட்டறைக்குள் நுழைந்தார்கள்.

குதிரை வண்டி ஊருக்குள் ஓடும் பொருள். பழுதானால் மறுநாளே தச்சன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தலாம். ரயில் பெட்டியோ, பாதை நீள நீள, தன் தச்சனைவிட்டு வெகுதூரம் போயிற்று. 1871-இல் மதராஸ் ரயில்வேயின் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு சேர்ந்தபோது, சென்னையில் புறப்பட்ட வண்டி தக்காணத்தின் வெயிலையும் மலைத்தொடரின் மழையையும் ஒரே பிரயாணத்தில் கடக்க வேண்டியதாயிற்று. வெயிலில் பலகை சுருங்கி இணைப்புகள் வாய்பிளக்கும். மழையில் அதே பலகை ஊதிக் கதவைத் திறக்கவொட்டாமல் இறுக்கும். அச்சு சுழலும் தாங்கிகள் அந்நாளில் எண்ணெயில் ஊறிய திணிப்பினாலேயே வழுவழுப்புப் பெற்றன. எண்ணெய் வற்றினால் தாங்கி கொதித்துப் புகையும். நடுக்காட்டில் வண்டியை நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கழற்றி ஓரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். பழுது நேர்ந்த பின் பார்ப்பது நெடுந்தூர வண்டிக்கு உதவாது என்றும், நேருமுன்பே தவணை குறித்துப் பெட்டியை வரவழைத்துப் பார்ப்பதுதான் உதவும் என்றும் ரயில்வேக்காரர்கள் கண்டுகொண்டார்கள். இன்று பட்டறையில் தச்சர் முதல் எழுத்தர் வரை எல்லோரும் ‘பி.ஓ.ஹெச்.’ என்றே வழங்குகிற காலமுறை முழுச்செப்பத்தின் மூலாதாரக் கருத்து இதுவே.

பட்டறை வளர வளர, அதைச் சுற்றி ஓர் ஊரும் வளர்ந்தது. 1908-இல் மதராஸ் ரயில்வே மறைந்து மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே தோன்றியது. எஞ்சின்களுக்கும் பெட்டிகளுக்கும் பொதுவாயிருந்த பட்டறை 1932-இல் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவினை இன்றும் புறநகர் ரயிலின் நிலையப் பெயர்ப் பலகைகளில் நிற்கிறது: பெரம்பூருக்கு அடுத்தடுத்துக் ‘கேரேஜ் ஒர்க்ஸ்’, ‘லோகோ ஒர்க்ஸ்’ என்று இரண்டு நிலையங்கள். கோயிலின் பெயராலும் குளத்தின் பெயராலும் ஊர்கள் வழங்கும் நாட்டில், பட்டறையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட நிலையங்கள் இவை. பட்டறைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே அயனாவரத்துப் பெண்கள் உலை வைத்தார்கள். கடைக்காரர்கள் பலகையை எடுத்தார்கள். அருகிலேயே பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் இருந்தமையால் அந்த வட்டாரம் முழுவதுமே தொழிலாளர் பிரதேசமாயிற்று. 1918-இல் மதராஸ் லேபர் யூனியன் அங்கே உதித்ததற்கும் அந்தச் சூழ்நிலையே காரணம்.

மீட்டர் பாதைக்கு உரிய பட்டறையின் கதை இன்னும் உருக்கமானது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பழைய பட்டறை நாகப்பட்டினத்துக் கடற்கரையில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தில், சிதறிக் கிடந்த பட்டறைகளை ஒருங்கே சேர்க்கும் நோக்கத்தோடு, திருச்சிராப்பள்ளிக்கு அருகே பொன்மலையில் விசாலமான பட்டறையையும் குடியிருப்பையும் கம்பெனியார் நிர்மாணித்தார்கள். கட்டடங்களை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மாற்றுவது காகிதத்தில் எளிது. மனிதர்களை மாற்றுவது அவ்வாறன்று. மாற்றத்தோடு ஆட்குறைப்பும் திறமைப் பரீட்சையும் வந்தபடியால், தலைமுறையாக உளியும் சுத்தியலும் பிடித்த கைகளைப் புதிதாகச் சோதிப்பதா என்ற மனக்குமுறல் எழுந்து, 1928 ஜூலையில் பெருவேலைநிறுத்தமாக வெடித்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் அதற்குத் தலைமை தாங்கிச் சிறை புகுந்தார்கள். போராட்டம் ஒடுக்கப்பட்டது, பொன்மலையின் உலைகளோ எரியத் தொடங்கின. பின்னர் 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலைச் சங்கத் திடலில் போலீசார் சுட்டதில் ஐந்து தொழிலாளர் உயிர் நீத்தார்கள். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நிம்மதியாய் உறங்கிக்கொண்டு சென்ற பிரயாணிகளின் பெட்டிகளைச் செப்பனிட்ட கைகள், தம் வயிற்றுக்கும் மானத்துக்கும் இத்தகைய விலையைக் கொடுத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

1951 ஏப்ரல் 14-ஆம் தேதி, இவ்விரண்டு கம்பெனிகளின் பாதைகளும் மைசூர் ரயில்வேயும் ஒன்றாகித் தென்னக ரயில்வே உருவாயிற்று. அதற்குள் மரப்பெட்டியின் காலமும் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. மோதல் நேர்ந்தால் மரக்கூடு நொறுங்கிப் பெட்டிக்குள் பெட்டி புகுந்துவிடுவது அதன் தீராத குறை. சுவிட்சர்லாந்து தேசத்துக் கம்பெனி ஒன்றோடு 1949-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, பெரம்பூரிலேயே எழுந்த இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்தார். சட்டமும் சுவரும் கூரையும் ஒரே எஃகு உடலாகப் பற்றவைக்கப்பட்ட புதிய பெட்டிகள் அங்கே பிறந்தன. ஆனால் அத்தொழிற்சாலை முதல் சில ஆண்டுகள் வெற்றுக்கூட்டை மட்டுமே செய்தது. ஆசனமும் படுக்கையும் விளக்கும் விசிறியும் பொருத்தும் வேலை ரயில்வேயின் பழைய பட்டறைகளிலேயே நடந்து, 1962-இல்தான் தொழிற்சாலையில் அதற்கென்று தனிப்பிரிவு ஏற்பட்டது. மரயுகத்துத் தச்சர்கள் எஃகுயுகத்துப் பெட்டிக்கு உள்ளழகு செய்த அந்த ஏழாண்டுகள், இரு யுகங்கள் ஒரே கூரையின்கீழ்க் கைகோத்து நின்ற அபூர்வமான காலமாகும்.

எஃகு வந்தபின் பழுதுபார்ப்போர்க்குப் புதிய சத்துரு ஒன்று வந்தது. அதன் பெயர் துரு. கழிவறையில் ஒழுகிய தண்ணீர் தரையின் விளிம்பிலே இறங்கி, வாசற்படியின் ஓரத்திலும், நெளிதகட்டுத் தரையின் பள்ளங்களிலும், பெட்டியின் நீளம் முழுவதையும் தாங்குகிற பக்கச் சட்டத்தின் மேலும் தங்கி, வெளியே வர்ணம் பளபளக்கையிலேயே உள்ளே எஃகைத் தின்றுவிடும். மேலே மினுமினுப்பான விரிப்பு, கீழே சல்லடைக் கண்ணான தகடு என்னும் நிலையில் ஒரு பெட்டி ஆயிரக்கணக்கான மைல் ஓடக்கூடும். ஆதலால் பட்டறைக்கு வந்த பெட்டியின் படுக்கைகளையும் பலகைகளையும் விரிப்பையும் அகற்றியவுடன், அனுபவமுள்ள தொழிலாளி முதலில் மண்டியிடும் இடம் கழிவறைத் தரைதான். சுத்தியலை எடுத்துத் தகட்டின்மேல் ஓர் அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல எஃகு கணீரென்று பதில் சொல்லும். துருப்பிடித்த இடம் மண்சுவரைத் தட்டினாற்போல மந்தமாக ஒலிக்கும். சில இடங்களில் சுத்தியலே உள்ளே இறங்கிவிடும். அந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, வட்டத்தைக் காட்டிலும் சற்று அகலமாகவே வெட்டியெடுத்து, துருவை எதிர்க்கும் எஃகுத் தகட்டை அளவாய் நறுக்கிப் பற்றவைப்பார்கள். நோயுற்ற பாகத்தோடு அதைத் தொட்டிருந்த பாகத்தையும் சேர்த்து எடுக்கிற வைத்தியனின் முன்யோசனை அந்த அகலத்தில் இருக்கிறது.

பட்டறையில் காணக் காண அலுக்காத காட்சி, பெட்டியைச் சக்கரங்களினின்றும் பிரித்துத் தூக்குவதாகும். ஏறத்தாழ 21 மீட்டர் நீளமுள்ள உடலை இரு கிரேன்கள் இரண்டு முனைகளிலும் பற்றி, ஒன்று முந்தாமலும் மற்றொன்று பிந்தாமலும் மேலே எடுக்க, கீழே நான்கு அச்சும் எட்டுச் சக்கரமும் கொண்ட இரண்டு போகிகளும் தனியே உருண்டு வெளியேறும். கிரேன் ஓட்டுபவர்களைப் பார்த்துக் கீழே நிற்கும் மேஸ்திரி, கைவிரல்களை மெல்ல அசைத்தே உத்தரவு கொடுப்பார். அந்தக் கூடத்தின் இரைச்சலில் வாய்ச்சொல் எடுபடாது. தூக்கிய உடலைத் தாங்குகட்டைகளின்மேலோ, தற்காலிகச் சக்கரங்களின்மேலோ இறக்கி வைப்பார்கள். திருப்பணி நடக்கும் கோயிலில் மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வதைப் பார்த்தவர்களுக்கு, இது என்ன நிலையென்று விளக்க வேண்டியதில்லை.

பிரிந்து போன போகியைத் துண்டுதுண்டாய்க் கழற்றிக் காஸ்டிக் சோடா கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். பாதையின் புழுதியும் பழைய எண்ணெயும் கரைந்துபோனால்தான் சட்டத்திலுள்ள மயிரிழை வெடிப்புக் கண்ணுக்குப் புலப்படும். சுருள்வில்லைப் பாரம் ஏற்றிச் சோதித்து, ஒரே தரமானவற்றை நிறக்குறியால் இனம்பிரித்து ஒரே போகிக்குக் கொடுக்கிறார்கள். வேறுபட்ட பலமுள்ள விற்கள் சேர்ந்தால் பெட்டி ஒருபக்கம் சாயும். அச்சுக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பைச் செவிக்கெட்டாத ஒலியலைகளைச் செலுத்திக் கண்டுபிடிக்கிறார்கள். சக்கரத்தின் விளிம்பு தேய்ந்து உருமாறியிருந்தால் பெரிய கடைசல் இயந்திரத்தில் ஏற்றி மீண்டும் இலட்சண அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒவ்வொரு கடைசலிலும் சக்கரம் சிறிது இளைக்கிறது. பிறக்கும்போது 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், 825 மில்லிமீட்டருக்கு இளைத்ததும் ஓய்வு பெறுகிறது. பானை வாங்கும் பெண் விரலால் சுண்டிப் பார்த்தே நல்ல பானையைத் தெரிந்துகொள்வதுபோல, வழி நிலையங்களில் நீண்ட காம்புச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிக் கேட்டுச் சென்ற வண்டிப் பரிசோதகர்களை முன்தலைமுறையினர் நன்கறிவார்கள். நள்ளிரவில், அரைத்தூக்கத்தில், பெட்டிக்கு அடியில் வரிசையாகக் கேட்டு மறையும் அந்த நாதம், பட்டறைக்கு வெளியேயும் யாரோ விழித்திருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாயிருந்தது.

இவ்வளவும் எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்றால், மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் பெட்டிகளுக்கு முன்பு 12 மாதமாயிருந்த தவணை, பின்னர் 18 மாதமாக நீட்டப்பட்டது. எஃகுப் பெட்டிக்கு விதித்த ஆயுள் 25 வருஷம். அதன் பாதிவயதில், அதாவது 12-க்கும் 15-க்கும் இடைப்பட்ட வயதில், சாதாரணச் செப்பம் போதாது என்று உணர்ந்து, போபால் நகரத்து நிஷாத்புராவில் 1989-இல் ஒரு தனிப் பட்டறையே ஏற்படுத்தினார்கள். அங்கே பெட்டியைக் கூடுவரைக்கும் உரித்து, அரிப்புண்ட பாகங்களை மாற்றி, உள்ளமைப்பைப் புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். ஜெர்மானியர் வகுத்த எல்.ஹெச்.பி. பெட்டிகள் வந்தபின் ஆயுள் 35 வருஷமாக உயர்ந்து, பட்டறைத் தவணையும் 18 மாதம், 3 வருஷம், 6 வருஷம் என்று மூன்று படிகளாயிற்று. பெரம்பூர்த் தொழிற்சாலையும் பழைய வார்ப்பிலான கடைசிப் பெட்டியை 2018 ஜனவரி 19-ஆம் தேதி வழியனுப்பி வைத்தது. எனினும் தவணை என்னும் தர்மம் மாறவில்லை.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெட்டி பட்டறைக்குப் போய்த் திரும்பும்போது முன்னிருந்தபடியே திரும்புவதில்லை. அந்தக் காலத்து மனச்சாட்சியையும் கொஞ்சம் பெற்றுத் திரும்புகிறது. வெற்றிடப் பிரேக் போய்க் காற்றழுத்தப் பிரேக் வந்தபோது, செங்காவி வர்ணம் போய் நீலம் வந்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. அதன்பின் ரயில்வே மந்திரியாயிருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கையின் வெறும் பலகைமேல் இரண்டு அங்குல மெத்தை இட வேண்டுமென்று கட்டளையிட்டார். ஏழைப் பிரயாணியின் முதுகுக்குக் கிடைத்த அந்த இரண்டு அங்குலம், சட்டசபைகளில் பேசப்பட்ட எத்தனையோ சமத்துவப் பிரசங்கங்களைக் காட்டிலும் மெய்யானது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது, நாடெங்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் நடுப்படுக்கை நீக்கப்பட்டு, கழிவறை குளியலறையாக மாற்றப்பட்டு, நோயாளர் தங்கும் அறைகளாகத் தயாராயின. அந்த வேலையில் பெரம்பூரும் பொன்மலையும் பங்குகொண்டன. பிரயாணிகளைச் சுமக்கும் ஆயுள் முடிந்த பெட்டிகளிலும் பல, ஜன்னல்கள் அடைபட்டு, முனையில் அகன்ற கதவு பெற்று, மோட்டார் வண்டிகளை ஏற்றிச் செல்லும் பெட்டிகளாக மறுபிறவி எடுக்கின்றன.

சிதைந்த ஆலயத்தைச் செப்பனிட்டு மீண்டும் வழிபாட்டுக்கு உரியதாக்குவதை நம் முன்னோர் ஜீர்ணோத்தாரணம் என்று பெயரிட்டு, புதுக்கோயில் எடுப்பதற்குச் சற்றும் குறையாத புண்ணியமாகப் போற்றினார்கள். நம் காலத்திலோ, புதிய வண்டி புறப்படும் நாளில் மாலைகளும் கொடிகளும் காணப்படுகின்றன. பழைய பெட்டி புதுப்பிக்கப்பட்டுத் திரும்பும் நாளில் ஒரு பூவும் இல்லை. மாலை வேண்டுமென்று பட்டறைக்காரர்கள் கேட்கவுமில்லை. ஆனால் தவணை தப்பாமல் நடக்கப் போதுமான ஆட்களும், வேண்டிய உதிரிப்பொருள்களும், அவசரப்படுத்தாத அவகாசமும் அவர்களுக்கு வேண்டும். வண்டிகள் பெருகி, ஒரு பெட்டியையும் பாதையைவிட்டு எடுக்க மனமில்லாத நாள்களில், முதலில் குறுக்கத் தோன்றுவது பட்டறையின் அவகாசமே. அப்படிக் குறுக்கப்படும் ஒவ்வொரு நாளும், நள்ளிரவில் நம்பி உறங்குகிறவர்களிடமிருந்து அவர்கள் அறியாமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

பெட்டியின் உடல் தன் சொந்தப் போகிகளின்மேல் மீண்டும் இறங்கி, பிரேக்கும் விளக்கும் சோதனை முடிந்து, வர்ணமும் காய்ந்தபின், கடைசியாக ஒரு வேலை மீதியிருக்கிறது. வர்ணக்காரர் எழுத்து வெட்டிய தகட்டை முனைச்சுவரில் ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் சாயம் தோய்ந்த தூரிகையை அதன்மேல் ஒற்றியெடுக்கிறார். பட்டறைக் குறி, இன்றைய தேதி, அதன் கீழே பதினெட்டு மாதத்துக்கு அப்பால் ஒரு தேதி. தகட்டை எடுத்துவிட்டு, எழுத்தின் ஓரத்தில் கசிந்த சாயத்தைத் துணியால் துடைக்கிறார். சிறிது நேரத்தில் சிறிய எஞ்சின் ஒன்று வந்து பெட்டியை இழுத்துக்கொண்டு வாயிலைக் கடந்து பேசின் பிரிட்ஜ் பக்கமாகப் போகும். அன்றிரவோ மறுநாளிரவோ, யாரோ ஒரு தாய் அதன் கீழ்ப்படுக்கையில் குழந்தையைக் கிடத்தித் தட்டிக்கொடுப்பாள். வர்ணக்காரர் அதற்குள் அடுத்த பெட்டியின் முனைக்குத் தகட்டோடு நகர்ந்திருப்பார்.